நைனா செய்த முட்டு

மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒன்றாகக் கோலி ஆடி, ஒன்றாக அம்மை போட்டு, ஒன்றாகப் பள்ளிக்கூடம் போன நாம் எல்லோரும் இப்போது ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். போன மாதம் உங்களில் ஒருவர், அவரவர் அப்பாவின் பழைய படத்தைப் போடச் சொன்னார். நான் போடவில்லை. அதற்கு இன்னொருவர் எழுதினார்: "உங்க நைனா ஸ்ட்ரைக்குல வேலை போனப்புறம் நம்ம பக்கமே வரலியே, ஒரு கல்யாணத்துக்குக்கூடத் தலை காட்டலியே, அவ்ளோ கர்வமா?" விளையாட்டாகத்தான் கேட்டார். நானும் சிரிக்கிற முகம் ஒன்றை அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். அன்று ராத்திரி அந்தக் கேள்வியை மறுபடி எடுத்துப் படித்தேன். அதனால் இதை எழுதுகிறேன். நீளமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்போம். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தார், உங்களுக்குத் தெரியும். வேலை போனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். பாலாநகரில் ஒரு தகரக் கூரை அறைக்குப் போனோம். அந்த அறையையும் அடுத்து வந்த வேலையையும் பார்த்துக் கொடுத்தது மாமா, அம்மாவின் தம்பி. அவர் ஒரு மண் வேலைக் காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். குகட்பள்ளிப் பக்கம் புதுக் காலனிக்காக மேட்டையும் பாறையையும் நிரவிக்கொண்டிருந்தார்கள். இப்போது அங்கே போனால் வீட்டின் மேல் வீடாக நிற்கிறது. அப்போது சீத்தாப்பழப் புதர், உருண்டைப் பாறை, பாறைக்கு அடியில் தேள், அவ்வளவுதான்.

காண்ட்ராக்டரிடம் ஒரு புல்டோசர் இருந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்காக வந்து, ஏலத்தில் நாலைந்து கை மாறிய வண்டி. மஞ்சள் பெயிண்ட் உரிந்த இடத்தில் ராணுவப் பச்சை தெரியும். பெரிய என்ஜினைக் கிளப்ப முதலில் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்ரோல் என்ஜினைக் கைப்பிடி போட்டுச் சுற்ற வேண்டும். அது பிடித்து, உறுமி, சூடேறி, பிறகுதான் டீசல் என்ஜின் விழிக்கும். முன்னால் மண் தள்ளும் இரும்பு பிளேடைத் தூக்குவது, இந்தக் காலத்து வண்டிகளில் உள்ளதுபோல எண்ணெய் அழுத்தம் அல்ல. பின்னால் ஒரு வின்ச், வடம் சுற்றும் உருளை. அதிலிருந்து இரும்பு வடம் ஆபரேட்டரின் தலைக்கு மேலே போய், முன்பக்கம் இறங்கி, பிளேடைப் பிடித்திருக்கும். வின்சின் பிரேக் பிடித்திருக்கிறவரை பிளேடு மேலே நிற்கும்.

ஃபிட்டராகப் போன நைனா இரண்டே மாதத்தில் அதை ஓட்டவும் கற்றுக்கொண்டார். ஒர்க்‌ஷாப்பை விட்டு வந்த பிறகு அவர் முகத்தில் சிரிப்பை அந்த வண்டிதான் திருப்பிக் கொண்டுவந்தது. அதன் டூல் பாக்ஸின் அடியில், கிரீஸ் ஊறிய இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கிடைத்தது. மண் தள்ளும் வண்டிகளை யார் யார் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று படம் போட்டு எழுதியிருந்தது. எட்டாவது படித்தவர் நைனா. பழைய டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தை ஒரு வாரம் படிப்பார். படித்ததை வீட்டில் சொல்லும்போது அந்த வெள்ளைக்காரர்கள் எல்லாம் சொந்த ஊர் ஆம்பூரில் இருக்கும் எங்கள் பங்காளிகள் மாதிரித் தோன்றுவார்கள்.

நீராவியில் மண் அள்ளும் இயந்திரத்தை முதலில் செய்தவன் சின்னப் பையன். இருபத்தாறு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். தான் செய்தது உலகமெல்லாம் மண் அள்ளப் போகிறது என்று தெரியாமலே போனான். இன்னொருவர் ஊரில் ஆற்றங்கரை மண் சேறு மாதிரி இருந்தது. டிராக்டர் சக்கரம் புதைந்துகொண்டே இருந்தது. அவர் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பலகைகளைச் சங்கிலியில் கோத்து ஓடவிட்டார். படம் பிடிக்க வந்தவன் பார்த்துவிட்டு, கம்பளிப்பூச்சி மாதிரி ஊர்கிறதே என்றான். புல்டோசரைச் செய்தது ஒரு விவசாயியும் இயந்திரப் படம் வரைகிற ஒருவனும். பழைய காரின் அடிச்சட்டம், காற்றாலையின் ஸ்பிரிங் என்று காயலான் கடைச் சாமானிலேயே செய்தார்கள். நைனாவுக்கு மிகவும் பிடித்தவர்கள் இந்த இரண்டு பேர்தான். காயலான் கடை என்று சொல்லும்போது அவர் குரலே மாறும்.

"மண்ணைத் தள்றதுக்கு இத்தினி பேரு மூளையா?" என்பாள் அம்மா, ரொட்டி திரட்டிக்கொண்டே.

அது கோடை விடுமுறை. எனக்குப் பத்து வயது. தினமும் மதியச் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு பாலாநகரிலிருந்து வேலை நடக்கிற இடத்துக்கு நடப்பேன். தார் ரோடு முடிந்ததும் செம்மண் புழுதி கணுக்கால் வரை வரும். கேரியரின் கைப்பிடி சுடும். தூரத்திலிருந்தே டீசல் வாசனையும், நசுங்கிய சீத்தாப்பழ இலையின் பச்சை வாசனையும் கலந்து வரும். இன்றைக்கும் எங்காவது அந்த இரண்டு வாசனையும் சேர்ந்து வந்தால் நான் தெருவைக் கடந்து அடுத்த பக்கம் போய்விடுவேன்.

அங்கே பாலமூர்ப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த கூலிக்காரக் குடும்பங்கள் இருந்தன. அவர்களில் ஒரு அக்கா. மண் சுமப்பாள். புருஷன் வேறு ஊர் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. அவளுக்கு என் வயதில் ஒரு பெண். என் தெலுங்கு அந்தப் பெண்ணிடம் கற்றதுதான். நான் நைனா சொன்ன கதைகளை அவளிடம் சொல்வேன், அவள் தன் அம்மாவிடம் சொல்வாள். நீராவி இயந்திரம் செய்த பையனின் கதையைக் கேட்டுவிட்டு அக்கா, இந்த வண்டி எத்தனை பெண்களின் வேலையைச் செய்யும் என்று கேட்டாள். பிளேடு நுழைய முடியாத மூலைகளை மட்டும் எங்களுக்கு மிச்சம் வைக்கிறது என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. சொன்னாள், அவ்வளவுதான்.

ஒரு நாள் நைனா பிளேடுக்கு அடியில் படுத்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தபோது வின்ச் பிரேக் வழுக்கிவிட்டது. பிளேடு ஒரு சாண் இறங்கி நின்றது. அவருடைய செருப்பின் நுனி மட்டும் போனது. அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் ஒரு காலில் செருப்போடு உட்கார்ந்திருந்தார். மறுநாள் பிரேக் பட்டையை மாற்ற வேண்டும் என்று மாமாவிடம் சொன்னார். பம்பாயிலிருந்து வர வேண்டும், காண்ட்ராக்டரிடம் சொல்கிறேன் என்றார் மாமா. பட்டை வரவில்லை.

நைனா பாலாநகர் வெல்டிங் கடையில் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒரு முட்டு செய்தார். இடுப்பு உயரத்துக்கு வெட்டிய தண்டவாளத் துண்டு. கீழே நிற்பதற்குத் தட்டையான இரும்புப் பலகை. மேலே பிளேடைத் தாங்கும் இரும்புக் கையைக் கவ்விக்கொள்ளும் வளைவு, அதில் ஒரு பின். பிளேடைத் தூக்கி, முட்டு இரும்பை நிறுத்தி, பின்னைச் சொருகிவிட்டால் வடம் அறுந்தால்கூடப் பிளேடு இறங்காது. திங்கட்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு வைத்து, வடத்தைத் தளர்த்திக் காட்டினார். மொத்தப் பாரமும் முட்டின் மேல் உட்கார்ந்தது. அசையவில்லை. கூலிக்காரர்கள் கைதட்டினார்கள். நைனா அதை ஒரு தாளில் ஸ்கேல் வைத்து வரைந்து, அளவெல்லாம் எழுதி மாமாவிடம் கொடுத்தார். மாமா அதை இங்கிலீஷில் டைப் அடித்து வண்டி செய்த கம்பெனிக்கே அனுப்புவதாகச் சொன்னார். அடுத்த புத்தகத்தில் தன் படமும் வரும் என்று நைனா சிரித்தார். விளையாட்டுக்குச் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன்.

அதற்கு முன்பெல்லாம் மதியத்தில் யாராவது வண்டி நிழலில் ஒதுங்கினால் நைனா கத்தி விரட்டுவார். ஆனால் அந்த வெட்டவெளியில் வேறு நிழல் இல்லை. இருந்த மரங்களை அந்த வண்டியே தள்ளியிருந்தது. முட்டு வந்த பிறகு, முட்டு வைத்திருக்கும்போது மட்டும் உட்காரலாம் என்று விட்டுவிட்டார். யானையைக் கட்டித் தொங்கவிட்டாலும் இறங்காது என்று தன் ஓட்டைத் தெலுங்கில் அக்காவிடம் சொன்னதை நானே கேட்டேன். அக்கா அன்றிலிருந்து தூக்கிய பிளேடுக்கு அடியில் முந்தானையை விரித்துப் படுப்பாள். கனத்த இரும்பின் நிழல் அல்லவா, அடியில் குளிர்ச்சியாக இருக்கும்.

அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

காலையிலிருந்து நைனா பிளேடின் வெட்டுமுனையை மாற்றிக்கொண்டிருந்தார். பாறையில் தேய்ந்து போயிருந்தது. பிளேடு மேலே, முட்டு அடியில். நான் கேரியரோடு போனதும் என்ஜினை நிறுத்திவிட்டு, கொஞ்ச தூரத்தில் கட்டியிருந்த தார்ப்பாய்க்கு அடியில் சாப்பிடப் போனார். நானும் பாலமூர்ப் பெண்ணும் தண்ணீர் டிரம் பக்கம் போனோம். வழியில் அவள் காலில் முள் குத்த, அதை எடுத்துவிட்டு முன்னால் ஓடினாள். நான் அவள் விட்ட செருப்பை எடுக்க நின்றேன்.

அப்போது மாமா வந்தார். அவருடைய ஜீப் டயர் பஞ்சர். புதுமண்ணில் ஜாக்கி புதைந்துகொண்டே போனது. ஜாக்கிக்கு அடியில் வைக்க ஏதாவது தட்டையான இரும்பு வேண்டும். நேராகப் புல்டோசரிடம் போனார். பாரத்தை வடம் தாங்கிக்கொண்டிருந்ததால் பின் சுலபமாகக் கழன்றது. முட்டு இரும்பை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பியவர் என்னைப் பார்த்தார்.

"அஞ்சு நிமிசம். இதோ கொண்டாந்து வச்சிடறேன். நைனா கிட்ட சொல்ல நக்கோ, வேணாம், கத்துவாரு" என்றார்.

அவர் முகத்தில் கெடுதல் எதுவும் இல்லை. சுவரிலிருந்து ஏணியை எடுத்துக்கொண்டு போகிறவர் மாதிரித்தான் போனார். நான் தண்ணீர் டிரம்முக்குப் போனேன்.

அக்கா சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல வந்து படுத்திருக்கிறாள். முட்டு இருக்கிறதா என்று குனிந்து பார்க்கத் தோன்றியிருக்காது. பல நாளாக இருந்ததுதானே. சூடாக இருந்தபோது பட்டையை இறுக்கிப் பிடித்திருந்த பிரேக் டிரம், என்ஜின் நின்று ஆறியதும் சுருங்கியிருக்கும். பிடி தளர்ந்திருக்கும். இதெல்லாம் நான் பெரியவளான பிறகு யோசித்துக் கண்டுபிடித்தது. அன்று கேட்டது ஒரு சத்தம்தான். பெரிய சத்தம்கூட இல்லை. மண்ணில் ஏதோ உட்கார்ந்த சத்தம்.

நைனா எச்சில் கையோடு ஓடினார். ஆட்கள் கடப்பாரையோடு ஓடினார்கள். கடப்பாரைக்கு அசைகிற இரும்பா அது. பிளேடைத் தூக்க வேண்டுமானால் பெரிய என்ஜின் ஓட வேண்டும். பெரிய என்ஜின் ஓடச் சின்ன என்ஜின் பிடிக்க வேண்டும். நைனா கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். பிடிக்கவில்லை. மறுபடி சுற்றினார். அவர் வாய் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. அக்காவின் குரல் கொஞ்ச நேரம் கேட்டது. சின்ன என்ஜின் பிடித்தபோது அந்தக் குரல் நின்றுவிட்டதா, என்ஜின் சத்தத்தில் கேட்காமல் போனதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகும் டீசல் என்ஜின் சூடேறும்வரை எல்லாரும் நின்றுகொண்டே இருந்தார்கள். என் பக்கத்தில் இருந்த அவள் பெண் ஓடவில்லை. தண்ணீர்ச் சொம்போடு நடந்துதான் போனாள். யாரும் அவளை ஓடச் சொல்லவில்லை.

கூட்டம் எல்லாம் முன்பக்கம் இருந்தபோது மாமா பின்பக்கமாக வந்தார். தன் தோள் துண்டில் சுற்றிய முட்டு இரும்பை டூல் பாக்ஸில் வைத்து மூடினார். பின்னையும் உள்ளே போட்டார். இந்த முறை அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

போலீஸ் வருவதற்குள் நைனா முட்டு இரும்பைத் தேடியிருக்கிறார். டூல் பாக்ஸைத் திறந்தார். உள்ளே இருந்தது. திறந்த மூடியைப் பிடித்தபடி அவர் நின்றதை நான் பார்த்தேன். அன்று காலையில் அதை வைத்தோமா, வைக்கவில்லையா என்று அவர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். தினமும் செய்கிற வேலை. நேற்று வைத்தது நினைவிருக்கும், முந்தாநாள் வைத்தது நினைவிருக்கும், இன்றைக்கு வைத்தது அவற்றிலிருந்து தனியாக எப்படித் தெரியும்?

சாயங்காலம், நைனா வீடு திரும்புவதற்குள், மாமா எங்கள் அறைக்கு வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதார். அவருக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அத்தைக்கு ஏழாம் மாதம். அவர் போனதும் அம்மா கதவைச் சாத்திவிட்டு என்னைத் தன் எதிரில் உட்காரவைத்தாள்.

"நீ ஒண்ணும் பாக்கல. புரியுதா? நைனா பேருல போனா ஆக்சிடெண்டுன்னு எழுதுவாங்க, விட்டுடுவாங்க. மாமா பேருல போனா, முட்டு இரும்பை எடுத்துட்டான்னு கொலைன்னு எழுதுவாங்க. தூக்குல போட்டுடுவாங்க."

அம்மா இதை உண்மையாகவே நம்பினாள். கெட்டவள் அல்ல. தெருவில் நின்றபோது கூரை கொடுத்த தம்பி. இரண்டு பேரையும் காப்பாற்ற ஒரு வழி இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. நைனாவிடம் அப்புறம் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் சொன்னாள்.

மறுநாள் காலையில் நைனாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகப் போலீஸ்காரர் வாசலில் நின்றார். நைனா சட்டை மாட்டிக்கொண்டே என்னிடம் வந்து குந்தி உட்கார்ந்தார். ராத்திரி தூங்காத கண்.

"கண்ணு, நேத்து நீ சோறு கொண்டாந்தப்போ முட்டு வச்சிருந்துச்சா? பாத்தியா?"

அவருக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள்.

"பாக்கல நைனா" என்றேன்.

அவர் தலையாட்டினார். என் மேல் ஒரு குறையும் இல்லை என்பதுபோலக் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

காண்ட்ராக்டர் அந்த வாரமே கூலிக்காரக் குடும்பங்களை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். பாலமூர்ப் பெண்ணை யார் கூட்டிப்போனார்கள் என்று தெரியாது. அவள் பெயர் எனக்கு நினைவிருக்கிறது. எழுத மாட்டேன். கேஸ் இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒன்றுமில்லாமல் முடிந்தது. அந்த அளவில் அம்மா சொன்னது சரிதான். ஆனால் நைனா திரும்ப எந்த வண்டியையும் தொடவில்லை. புத்தகத்தை என்ன செய்தார் என்று தெரியாது. பாலாநகரில் ஒரு பாக்டரி கேட்டில் வாட்ச்மேனாகச் சேர்ந்து, அங்கேயே வயதாகி ஓய்வு பெற்றார். கேட்டைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவர், பூட்டினோமா என்று பார்க்க மறுபடி நடந்து போவார். ஸ்டவ் அணைந்ததா என்று மூன்று முறை பார்ப்பார். ரோட்டில் என் கையைப் பிடித்திருக்கும்போதே பிடித்திருக்கிறோமா என்று குனிந்து பார்ப்பார். பின்னால் பிறந்த என் தம்பிகள் இதைச் செய்துகாட்டிச் சிரிப்பார்கள். உங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு அவர் கிளம்பாமல் இல்லை. சட்டை மாற்றிக்கொண்டு கிளம்புவார். பஸ் ஸ்டாப் வரை போய், வீட்டுக் கதவைப் பார்க்கத் திரும்பி வருவார். அப்புறம் நேரமாகிவிட்டது என்று உட்கார்ந்துவிடுவார். கர்வம் என்று கேட்டீர்களே, அது இதுதான்.

அம்மா "அப்புறம்" என்ற அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. மாமாவுக்கு மகன் பிறந்தான், சொந்தமாக இரண்டு வண்டி வாங்கினார், பெரிய ஆளானார். எங்களுக்குக் குறை வைக்கவில்லை. என் கல்யாணத்தில் பந்தக்கால் நட்டதே அவர்தான். நைனாவிடம் சொல்வது ஒவ்வொரு வருடமும் இன்னும் கொஞ்சம் கடினமாகிக்கொண்டே போனது. முதலில் அம்மா போனாள். பிறகு மாமா. மாமாவின் உடம்பு முன்னால் நைனா குழந்தை மாதிரி அழுதார். கேஸ் நடந்தபோது கோர்ட்டுக்குத் தன்னோடு வந்த ஒரே ஆள் என்று எல்லாரிடமும் சொன்னார். வந்தது உண்மைதான். ஒரு வாய்தாகூட மாமா தவறவிட்டதில்லை.

நாலைந்து வருடம் முன்பு எங்கள் தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்ட ஒரு வண்டி வந்தது. மதியம் நின்றிருந்தபோது பார்த்தேன். தூக்கிய கைக்கு அடியில் சிவப்புப் பெயிண்ட் அடித்த இரும்பு முட்டு ஒன்று பொருந்தியிருந்தது. வண்டியோடு கம்பெனியிலிருந்தே வருகிறதாம். ஓட்டுகிற பிகார்ப் பையன் இந்தியில் சொன்னான், இது இல்லாமல் அடியில் போகக் கூடாது என்று. நான் அதைப் போனில் படம் பிடித்து நைனாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எண்பதைத் தாண்டியிருந்தார். கண் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லா செஞ்சிருக்கான்" என்றார். பிறகு, "இருந்து இன்னா? வைக்கணுமே. வைக்க மறந்துடுவானே" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். ஜீப், பஞ்சர், ஜாக்கி, மாமாவின் தோளில் இருந்த முட்டு, துண்டு சுற்றி டூல் பாக்ஸில் வைத்தது, அம்மா கதவைச் சாத்தியது, எல்லாம். நடுவில் நிறுத்தினால் தொடர முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன். "நீ வச்சிருந்தே நைனா. நான் பாத்தேன். உன் மேல தப்பே இல்ல."

அவர் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். வெளியே யாரோ காய்கறி விற்றுக்கொண்டு போனார்கள்.

"உங்கம்மா என் கிட்ட மறைச்சதே இல்ல" என்றார். "உன் மாமன் கோர்ட்டுக்கெல்லாம் வந்தான். அப்படிச் செய்ற ஆள் இல்ல அவன்."

நான் சத்தியம் செய்தேன். என் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தேன். ஜீப்பின் எந்த டயர் என்றுகூடச் சொன்னேன்.

"அன்னிக்கே கேட்டேனே கண்ணு. பாக்கலன்னு சொன்னியே. கொழந்தை பொய் சொல்லுமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு விளங்கவைக்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னார். "இப்போ நைனாவுக்கு வயசாயிடுச்சேன்னு சொல்றே. தெரியுது. பரவால்ல."

நான் அழ ஆரம்பித்தேன். அவர் என் தலையில் கை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். தனக்காகப் பொய் சொல்ல வந்த மகளை மன்னித்துத் தேற்றுகிறவரின் கை. அதற்கு அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டார்.